ஃபைபர் பூசிய சேஸ்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கும்போது உங்களுக்குப் பயம் வருகிறதா, தம்பிகளே? வருகிறது என்றால் இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பீர்கள். வரவில்லை என்றால் தயவுசெய்து வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் பழவேற்காட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவன் நான். முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பயந்தாங்கொள்ளி மேஸ்திரி' என்று சொல்வார்கள். முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறார்கள். ஷெட்டுக்கு எதிரே டச்சுக்காரர் கல்லறை இருப்பதால், "அத்தப் பாத்துப் பாத்துதான் ஆளு இப்டி ஆயிட்டாரு" என்று கேலி வேறு. கல்லறைக்கும் என் பயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் பயம் ஒரு பழைய டீசல் காரிலிருந்து வந்தது.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் பொன்னேரிக்காரர். அவர் வெல்டிங் அடித்த இடத்தை விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியாது. அப்படிப்பட்ட கை. ஆனால் அவர் எனக்குச் சொன்ன ஒரே உபதேசம், "பயப்படாம அடிடா" என்பதுதான். நானும் பல வருடம் பயப்படாமல்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த உபதேசத்தைத் தூக்கிப் போட எனக்கு ஒரே ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது.

அந்த டீசல் கார் மீனவர் குப்பத்து முனுசாமியுடையது. சேஸ் தனி பாடி தனி என்று இருந்த அந்தக் காலத்து வகை. இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும். இன்ஜின், ஸ்டேரிங் பாக்ஸ், பாடி எல்லாம் அந்தச் சட்டங்களின் மேல்தான் மவுண்டிங் போட்டு உட்கார்ந்திருக்கும். பின்சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பலகை அடித்திருந்தான். விடிந்தும் விடியாததுமாக அவன் மனைவி தேசம்மாவும் குப்பத்துப் பெண்கள் ஐந்து பேரும் இறால் கூடைகளோடு ஏறுவார்கள். பொன்னேரி மார்க்கெட்டில் விற்றுவிட்டு மதியத்துக்குத் திரும்புவார்கள். கூடையில் இருக்கும் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீராக வழிந்து, பலகை இடுக்கு வழியாகச் சேஸ் மேல் சொட்டும். வருடக்கணக்கில் சொட்டியது.

வெளியூரிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பழவேற்காடு ஏரியில் யார் வேண்டுமானாலும் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அதைப் பாடு என்பார்கள். உங்கள் பாடு வரும் நாளில் கிடைப்பதுதான் உங்கள் வீட்டுக்கு. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பாடு இல்லாத நாட்களில் வலையைச் சரிபார்ப்பார்கள், படகுக்கு ஃபைபர் போடுவார்கள். தேசம்மாவின் தம்பி கோதண்டம் அதில் கில்லாடி. விரிசல் விட்ட படகின்மேல் கண்ணாடி நூல் பாயை விரித்து, ரெசினை ஊற்றித் தேய்த்துக் காயவிட்டான் என்றால் பத்து வருடத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது.

ஒரு நாள் மதியம் முனுசாமி காரைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தினான்.

"மேஸ்திரி, வளைக்கசொல்ல டக்கு டக்குனு சத்தம் வருது. இன்னானு பாரு. இன்னிக்கு ராவு எங்க பாடு. காலீல அஞ்சு மணிக்கு வண்டி வோணும்."

அடியில் படுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு சேஸ் சட்டமும் பச்சை நிறத்தில் படகின் அடிப்பக்கம் மாதிரி பளபளவென்று இருந்தன.

"இன்னாய்யா இது, காரா படகா?"

"கோதண்டம் போட்டாம்பா. படகுக்குப் போட்டது போவ ரெசின் மீதி கெடந்துச்சு. துருப் புடிச்சிகினே இருந்திச்சில்ல, ஒரேயடியா மூடிட்டோம். போன வருசமே போட்டாச்சு" என்றான் பெருமையாக.

இந்தத் தப்பை எங்கள் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் உயிரைக் காப்பாற்றுகிற பொருள் ரோட்டில் காப்பாற்றாதா என்ற நம்பிக்கை அது. அவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. அடுத்து நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு.

வலது பக்கச் சட்டத்தில் ஸ்டேரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் உளியை வைத்து ஃபைபரைப் பெயர்த்தேன். ஒரு பெரிய துண்டாகக் கழன்று வந்தது. கூடவே உள்ளேயிருந்து தண்ணீர் என் முகத்தில் வழிந்தது. உதட்டில் பட்டதும் தெரிந்தது, உப்பு. மவுண்டிங் போல்ட் துளையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. சுத்தம் செய்தேன், விரிசலின் நுனியில் துளை போட்டேன், வெல்டிங் அடித்தேன், மேலே கனமான தகடு ஒன்றை வைத்து நாலு பக்கமும் பற்றவைத்தேன். அதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சாயந்திரம் ஆவதற்குள் வேலை முடிந்தது. பொன்னேரிக்காரர் பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

தகடு முடிகிற இடத்துக்கு அப்பால் பச்சை ஃபைபர் அப்படியே இருந்தது. சுத்தியலால் தட்டினேன். டொப் என்றது. நல்ல இரும்பு அப்படிச் சத்தம் போடாது. ஃபைபர் மேல் தட்டினால் எந்த இரும்பும் டொப் என்றுதான் சொல்லும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் இன்னொரு முறை தட்டினேன். மறுபடியும் டொப். உளி கையில்தான் இருந்தது. இன்னும் ஒரு முழம் பெயர்த்துப் பார்த்திருக்கலாம். பெயர்த்தால் என்ன தெரியவருமோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. தெரிந்துவிட்டால் வண்டியை விட முடியாது. அவர்கள் பாடு போய்விடும். முனுசாமி குதிப்பான். உளியைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

"மீதி ஃபைபர இன்னொரு நாளு பிரிச்சிப் பாக்கணும். பாத்து மெதுவாப் போ" என்று மட்டும் முனுசாமியிடம் சொன்னேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை ஷெட்டைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். கார் அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் கூடைகளை ஏற்றிக்கொண்டு பொன்னேரி ரோட்டில் போயிருந்தது. குப்பையோடு குப்பையாக முந்தின நாள் நான் பெயர்த்துப் போட்ட ஃபைபர் துண்டு கிடந்தது. காலால் தள்ளினேன். அது புரண்டு விழுந்தது. அதன் உள்பக்கத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

உள்பக்கம் முழுக்கப் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். அப்பளம் மாதிரி ஏடு ஏடாக வந்தது. அது சேஸின் இரும்பு. சட்டத்தின் கனத்தில் பாதி ஃபைபரோடு கழன்று வந்திருந்தது. ஒரு வருடமாக உப்புத் தண்ணீர் அந்தப் பச்சை உறைக்குள்ளேயே நின்று இரும்பைத் தின்றிருக்கிறது. அப்படியென்றால் நான் பெயர்க்காமல் விட்ட இடத்தில் மிச்சம் இருப்பது வெறும் தகரம். அந்தத் தகரத்தின் ஓரத்தில் நான் கனமான தகடு ஒன்றைப் பற்றவைத்து அனுப்பியிருக்கிறேன். வண்டி குலுங்கும்போது தகடு வளையாது. வளைய வேண்டியதெல்லாம் அந்தத் தகரம்தான் வளைய வேண்டும். ஸ்டேரிங் பாக்ஸும் அந்தத் தகடும் தொங்குவது அதில்தான்; அது கிழிந்தால் வண்டி ஸ்டேரிங் பேச்சைக் கேட்காது.

துடைப்பத்தை எங்கே போட்டேன் என்று தெரியாது. கைப்பேசி எல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். மொபெட்டை எடுத்துக்கொண்டு பொன்னேரி ரோட்டில் விரட்டினேன். ஷெட்டைப் பூட்டவும் இல்லை.

அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். அப்போது இன்னும் குறுகல். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் பள்ளம், நடுவில் தார். காய்ந்த தார்மேல் ஈரக் கோடு ஒன்று போய்க்கொண்டிருந்தது. முனுசாமியின் காரிலிருந்து சொட்டிக்கொண்டே போன ஐஸ் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கோடு நேராக இருந்தது. நேராகத்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஒரு வளைவைத் தாண்டியதும் கோடு கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கித் திரும்பவும் நடுவுக்கு வந்தது. ஏதாவது மாடு குறுக்கே வந்திருக்கும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் ஒதுங்கியது. இந்த முறை தாரின் விளிம்பு வரை போய் வந்திருந்தது. அதன்பிறகு அந்தக் கோடு நேராகவே இல்லை. இப்படியும் அப்படியும் அலைந்துகொண்டே போனது. என் வாய் தானாக தேசம்மா, தேசம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆறு பேரையும் எனக்குத் தெரியும். ஒருத்தி வயிற்றில் ஏழு மாதம். எதிரே ஒரு பஸ் வந்தது. டிரைவரின் முகத்தைப் பார்த்தேன், வழியில் விபத்தைப் பார்த்துவிட்டு வருகிற முகமா என்று. அவர் சாதாரணமாகத்தான் இருந்தார். அந்த ஒரு நிமிடம் மூச்சு வந்தது.

திருப்பாலைவனத்துக்கு முன்னால் ஓரிடத்தில் கோடு ரோட்டை விட்டு இறங்கியது. நான் பிரேக் பிடிக்காமலேயே மொபெட்டிலிருந்து இறங்கினேன் என்று நினைக்கிறேன். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது.

கார் ஒரு வேப்பமரத்தின் அடியில் முழுசாக நின்றுகொண்டிருந்தது. ஆறு பெண்களும் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். முனுசாமி நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"காத்துதாண்டி! காத்து அடிக்குது, வண்டி ஆடுது. ஐஸு கரையுது, ஏறுங்க ஜல்தி!"

"காத்தா? நான் பொறந்ததுலர்ந்து காத்தப் பாக்காதவளா?" தேசம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஸ்டேரிங்கு உன் நெஞ்சுகிட்ட வருது, தள்ளிப் போவுது, வருது, போவுது. நான் பக்கத்துல குந்திகினு பாத்துகினேதான் வரேன். சுக்கான் ஆடுற படகுல எவனாச்சும் போவானா?"

அவள்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். நிறுத்தாவிட்டால் குதித்துவிடுவேன் என்று கதவைத் திறந்திருக்கிறாள். ஆறு உயிரையும் முனுசாமியையும் சேர்த்து ஏழு உயிரைக் காப்பாற்றியது அவள். நான் இல்லை. விரட்டிக்கொண்டு போன வீரக்கதையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் நேராக வண்டிக்கு அடியில் புகுந்தேன். நான் அடித்த வெல்டிங் அருமையாக இருந்தது. தகட்டில் ஒரு கீறல் கிடையாது. அது முடிகிற இடத்தில், ஒரு விரல் தள்ளி, பச்சை ஃபைபர் வெளிறிப்போய்ப் பிளந்திருந்தது. பிளவுக்குள் விரலை விட்டேன். சட்டம் மேலிருந்து கீழ்நோக்கிக் கிழிந்திருந்தது. அடியில் இரண்டு விரல் அகலம் மட்டும் மிச்சம். தலையைத் தூக்கி ஸ்டேரிங் பாக்ஸைக் கையால் தள்ளினேன். ஊஞ்சல் மாதிரி ஆடியது.

வெளியே வந்து முனுசாமியிடம் சொன்னேன். அவன் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துப் போயிற்று. ஆனால் பயந்த மனிதன் உடனே ஒத்துக்கொள்வான் என்று நினைக்காதீர்கள். கூடைகளுக்குப் பக்கத்தில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்தான்.

"இறுக்கிக் கட்டிட்டா போதும் மேஸ்திரி. படகுல மோட்டாரயே கட்டிகினு போறோம். பொன்னேரி இன்னும் கொஞ்ச தூரந்தான். மாட்டுவண்டி மாதிரி உருட்டிகினு போறேன்."

கட்டினான். கட்டத் தெரிந்த கை. பார்ப்பதற்கு நன்றாகவும் இருந்தது. பெண்கள் கூடைகளைப் பார்த்தார்கள். ஐஸ் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் காத்திருந்து வந்த பாடு அது. ஒருத்தி தேசம்மாவின் தோளைத் தொட்டு, "மெதுவாதானே போறேன்றாரு... போயிடலாமாக்கா?" என்றாள். ஏழு மாதக்காரி பலகையில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள்.

தம்பிகளே, அன்று அந்த ரோட்டில் நான் விரட்டியபோது பட்ட பயத்தைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. இவர்களைத் தடுக்க ஒரே வழி, நேற்று நான் செய்ததைச் சொல்வது. சொன்னால் பழவேற்காட்டில் அதற்குப் பிறகு என்னிடம் யார் வண்டி கொடுப்பார்கள்? சொல்லாமலேயே ஏதாவது சாக்கு வைத்துத் தடுக்க முடியுமா என்று யோசித்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் யோசித்தேன்.

"ஏறாதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "ஏறாதீங்க. என் தப்பு. நேத்தே பிரிச்சிப் பாத்திருக்கணும். பாக்காம உட்டுட்டேன். இந்தக் கயிறு தாங்காது."

காரில் கிடந்த ஸ்பேனரை எடுத்து மறுபடியும் அடியில் புகுந்தேன். ஸ்டேரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் நட்டைக் கழற்றினேன். கம்பி தரையில் விழுந்தது. நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இனி அந்த வண்டியை யாராலும் ஓட்ட முடியாது. முனுசாமி என் காலைப் பிடித்து வெளியே இழுத்தான். சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"இன்னா பண்ண? எங்க பாட்டயே நாஸ்தி பண்ணிட்டியேடா! இதுக்கா உங்கிட்ட வண்டிய உட்டேன்?"

அடிக்கட்டும் என்று நின்றேன். தேசம்மா வந்து அவன் கையை எடுத்துவிட்டாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். நேத்து அடியில படுத்துகினு இருந்தப்பவே உனக்கு பயம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"அத்த யாருகிட்ட சொன்ன?"

மெதுவாகப் போ என்று முனுசாமியிடம் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அது சொன்னதாகாது என்று எனக்கே தெரியும். என் பார்வை மட்டும் முனுசாமி பக்கம் போனது.

"அவருகிட்ட சொன்னா அவரு ஓட்டத்தான் பாப்பாரு. அவருக்குப் பாடுதான் கண்ணுல நிக்கும். குந்தப் போறது நாங்க ஆறு பேரு. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க பஸ்ல போயிருப்போம்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். ஏழு மாதக்காரியின் கூடையை நான் மொபெட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். சரக்கில் பாதி அன்று வழியிலேயே கெட்டுப்போயிற்று.

காரைக் கட்டி இழுத்து என் ஷெட்டுக்கே கொண்டுவந்தோம். வேறு எங்கேயாவது கொண்டு போகச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். "கெடுத்தவனே சரி பண்ணட்டும்" என்று தேசம்மா சொன்னதாகக் கேள்வி. கோதண்டமும் வந்து உட்கார்ந்தான். அவன் போட்ட ஃபைபரை அவனே முழுசாகப் பெயர்த்தான். பெயர்க்கப் பெயர்க்க உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றியது. அவன் கண் கலங்கிவிட்டது.

"படகுல இது தண்ணிய உள்ள உடாதுண்ணா. இங்க உள்ள போன தண்ணிய வெளிய உடாம புடிச்சி வெச்சிகினு இருந்திருக்குது. ரெண்டும் ஒண்ணுனு நெனச்சிட்டேன்" என்றான். இதைவிடத் தெளிவாக இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அதனால் உங்களுக்கும் அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

இரண்டு சட்டங்களிலும் அழுகின பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு போட்டோம். மவுண்டிங் எல்லாவற்றையும் மாற்றினோம். ஒவ்வொரு இணைப்பையும் மூன்று முறை தட்டிப் பார்த்தேன். அதற்குள் அவர்களுக்கு இரண்டு பாடு வந்துபோய்விட்டது. இரண்டு முறையும் பஸ்ஸில் கூடையோடு ஏறி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். முனுசாமி ஷெட் பக்கமே வரவில்லை.

வண்டி தயாரான அன்று தேசம்மாவுக்குத்தான் சொல்லி அனுப்பினேன். ஆறு பேரும் வந்தார்கள், பின்னாலேயே முனுசாமியும். நான் தரையில் சாக்கை விரித்துப் போட்டு, "வந்து பாரும்மா" என்றேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் படுத்தாள். எங்கே வெட்டினேன், எங்கே சேர்த்தேன் என்று விளக்கைப் பிடித்துக் காட்டினேன். சுத்தியலை வாங்கி அவளே தட்டினாள். கிண் கிண் என்றது. நிதானமாக வெளியே வந்து முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"நல்லா கீது. இப்போ சொல்லு. பயம் கீதா?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரன்கூட வந்து நின்றிருந்தான்.

"கொஞ்சம் கீதும்மா" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். முனுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. காரின் முன்பக்கம் போய் அவள் உட்காரும் சீட்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நீ இங்க குந்து. நான் பின்னாடி குந்திக்கறேன். பொன்னேரி போய் வர்ற வரைக்கும் அந்தக் கொஞ்சம் உங்கிட்டயே இருக்கட்டும்."

ஏறி உட்கார்ந்தேன்.